பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

சித்தூரில் ஒரு கல்யாண வரவேற்பு என்று வைத்துக்கொள்வோம். மேடையில் மெல்லிசைக் குழு. முதல் பாட்டு தெலுங்கு, அடுத்தது தமிழ். அந்த ஊரில் இரண்டுக்கும் கைதட்டல் உண்டு. பாட்டின் நடுவே கிதார் முழங்க வேண்டிய இடம் வருகிறது. கலைஞர் காலடியில் இருக்கும் சுவிட்சை மிதிக்கிறார். ஒன்றும் நடக்கவில்லை. மென்மையான ஓசை மென்மையாகவே தொடர்கிறது. இன்னொரு மிதி. ஒரு கரகரப்பு, பிறகு மௌனம். வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கும் எவருக்கும் இப்படி ஒரு மாலை வரலாம்.

மறுநாள் காலை ரிப்பேர் கடையில் கிடைக்கும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: "வால்வு போச்சுங்க." சுமார் 70 கி.மீ. தள்ளியிருக்கும் திருப்பதிக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் அதே வார்த்தை காத்திருக்கலாம். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டம் ஆகிவிட்டது என்றாலும் பாட்டுக் குழுக்களுக்கு இரண்டு ஊரும் ஒரே வட்டாரம். அந்த வட்டாரத்தில் ஸ்ரீசிட்டியில் 2015லேயே செல்போன் தயாரிப்பு தொடங்கிவிட்டது. ஆனால் கண்ணாடிக் குழாய்க்குள் சிவந்து எரியும் வால்வின் மனம் அறிந்தவர்கள் அருகிவிட்டார்கள். ரேடியோ ரிப்பேரில் கை பழகிய அந்தத் தலைமுறை ஓய்ந்துவிட்டது.

தீர்ப்பு தவறினால் செலவு சாதாரணமல்ல. ஒரு காலத்தில் பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமே ரேடியோ வால்வுகளைத் தயாரித்தது. இன்று ஆம்ப்ளிஃபயர் வால்வுகள் முக்கியமாக ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனாவிலிருந்து வருகின்றன. 2022 மார்ச்சில் உக்ரைன் போரை ஒட்டி ரஷ்யா ஏற்றுமதிக்குத் தடை போட்டதும் உலகெங்கும் கிதார் கலைஞர்கள் பதறினார்கள், விலையும் ஏறியது. ஒரு செட் வால்வு மாற்ற ஆயிரக்கணக்கில் ஆகும். ஒரு கச்சேரியின் கூலி அதில் போய்விடும். மாற்றிய பிறகும் சேனல் மாறாவிட்டால்?

சேனல் என்பது ஓசை போகும் பாதை. ஒரு பாதையில் கிதார் தெளிவாக ஒலிக்கும். மற்றதில் கூடுதல் வால்வுக் கட்டங்களைத் தாண்டி உறுமலாக வெளிப்படும். காலால் மிதித்துப் பாதை மாற்றும் வசதியை 1970களின் இறுதியில் கலிபோர்னியாவின் மெஸா பூகி நிறுவனம் பிரபலமாக்கியது. ஆனால் இரண்டு பாதைகளும் கடைசியில் சேருவது ஒரே பவர் வால்வுகளில், ஒரே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில், ஒரே ஸ்பீக்கரில். ஒரு சேனல் ஒழுங்காகப் பாடுகிறது என்றால் இந்த மூவர் மீதும் குற்றமில்லை. பாதை பிரியும் இடத்துக்கும் சேரும் இடத்துக்கும் நடுவில்தான் கோளாறு. இந்த ஒரு யோசனையே பாதிச் செலவை மிச்சப்படுத்தும்.

தேடலை வெளியிலிருந்து தொடங்க வேண்டும். முதல் சந்தேகம், மேடையில் மிதிபடும் ஃபுட் சுவிட்ச் மேல். ஆம்ப்ளிஃபயரின் முகப்பில் உள்ள பொத்தானை அழுத்தினால் சேனல் மாறுகிறது, காலால் மிதித்தால் மாறவில்லை என்றால் கோளாறு சுவிட்சிலோ அதன் ஒயரிலோ ஜாக்கிலோதான். சாதாரண ஃபுட் சுவிட்ச் செய்வது இரண்டு முனைகளைச் சேர்ப்பதும் பிரிப்பதும் மட்டுமே. அதைக் கழற்றிவிட்டு, ஃபுட் சுவிட்ச் ஜாக்கில் வேறு ஒயரைச் செருகி, மறுமுனைப் பிளக்கின் நுனியையும் உடலையும் ஒரு கம்பியால் தொட்டுப் பார்க்கலாம். சேனல் மாறினால் ஆம்ப்ளிஃபயர் நலம். பல முள் கொண்ட பிளக்கும் டிஜிட்டல் சுவிட்சும் உள்ள மாடல்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

அடுத்து, காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். பல மாடல்களில் பாதை மாற்றுவது ரிலே என்ற சின்னக் காந்த சுவிட்ச். மிதிக்கும்போது உள்ளே 'டிக்' என்று கேட்டும் ஓசை மாறாவிட்டால், ரிலேயின் தொடுமுனைகள் அழுக்கேறியிருக்கலாம் அல்லது அந்தச் சேனலிலேயே பழுது இருக்கலாம். 'டிக்' கேட்காவிட்டால் ரிலேக்குப் போகும் 5 அல்லது 12 வோல்ட் சப்ளையைப் பார்க்க வேண்டும். பழைய கண்டென்சர் உலர்ந்துபோனால் அந்த வோல்ட் தளரும், ரிலே துடிக்கும். மண்டபத்து ஜெனரேட்டரில் மின்னழுத்தம் இறங்கினாலும் ரிலே இழுக்கத் தடுமாறலாம்; வீட்டில் ஒழுங்காக இருந்தது மேடையில் சண்டித்தனம் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். சூடேறிய பிறகே தகராறு என்றால் விரிசல் விட்ட சால்டரிங்கைத் தேட வேண்டும். சில மாடல்களில் ரிலேக்குப் பதில் வெளிச்சத்தால் இயங்கும் எல்.டி.ஆர். இருக்கும், அது சத்தமே போடாது.

மாற்றும்போது 'டப்' என்று வெடித்தால், டி.சி. மின்சாரத்தைக் கசியவிடும் கண்டென்சர் மேல் சந்தேகம். ஒரு சேனல் மட்டும் ஊமையானால், அதன் பாதையில் உள்ள சிறு வால்வை, மின்சாரத்தை நிறுத்தி ஆறவிட்டு, அதே ரகத்தைச் சேர்ந்த பக்கத்து வால்வுடன் இடம் மாற்றிப் பார்க்கலாம். கோளாறும் கூடவே இடம் மாறினால் மட்டுமே வால்வு குற்றவாளி. ரிலேயும் கண்டென்சரும் சென்னை ரிச்சி தெருவிலோ பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலோ தேடினால் கிடைக்கும் சில்லறைச் சாமான்கள்.

ஆனால் பெட்டியைத் திறப்பது விளையாட்டல்ல. உள்ளே 300 முதல் 500 வோல்ட் வரை டி.சி. ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்களில் அது தங்கியிருந்து ஆளைக் கொல்லும். ரெசிஸ்டர் வழியாக அதை வடித்து, மீட்டரால் உறுதி செய்த பிறகே கை வைக்க வேண்டும். அது தெரிந்தவர் வேலை. ஸ்பீக்கரை இணைக்காமல் ஆம்ப்ளிஃபயரை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடக்கூடும். இரைச்சல் குறையும் என்று எர்த் முள்ளை ஒடிக்கும் வழக்கம் எல்லாவற்றையும்விட ஆபத்து. 1972 மே 3 அன்று வேல்ஸின் ஸ்வான்சீ நகர மேடையில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் இல்லாத மைக்கைத் தொட்டதும் மின்சாரம் தாக்கி இறந்தார்.

கிதார்காரர் தன் பையில் ஒரு உபரி ஒயரும் உபரி ஃபுட் சுவிட்சும் வைத்திருந்தால் அன்றைய மாலை பிழைக்கும். மறுநாள் கடைக்குப் போகும்போது "ஓடலைங்க" என்று மட்டும் சொல்லாமல், எந்தச் சேனல் நின்றது, சூடேறுமுன்பா பின்பா, 'டிக்' கேட்டதா இல்லையா, முகப்புப் பொத்தான் வேலை செய்ததா என்று நாலு வரி எழுதிக்கொண்டு போகலாம். அந்தத் துண்டுச் சீட்டைப் படித்த மெக்கானிக், வால்வின் மேல் கை வைக்குமுன் ஒரு நிமிஷம் யோசிப்பார்.