பொதி தீர்ந்த பின்பு: 2022 கற்பித்த பாடம்

ஊவாத் தோட்டங்களில் பணியாற்றும் எம்போன்ற சிறு அமைப்புகளுக்கு 2022ஆம் ஆண்டு பெரும் சோதனைக் காலமாயிருந்தது. ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளமோ 2021 மார்ச்சில் நிர்ணயிக்கப்பட்ட 1000 ரூபாவிலேயே நின்றது. 2021 மே மாதத்து உரத்தடையின் பின் கொழுந்தும் குறைந்தது. நிறை எட்டாத பெண்களுக்கு ‘அரைப் பேர்’தான் விழுந்தது.

எமது வலையமைப்பின் பங்குகளும் மாதர் சங்கங்களும் சேமிப்புக் குழுக்களும் உலர் உணவுப் பொதிகளை வழங்கின. அது செய்யவேண்டிய பணியே. பசித்திருப்பவரிடம் அபிவிருத்தி பேச முடியாது. ஆனால் யாருக்குக் கொடுப்பது? செக்றோலில் பேர் உள்ளவர்களை மட்டும் கணக்கிட்டால் ஓய்வுபெற்றோரும், கைக்காசுக்குக் கொழுந்தெடுப்போரும், கொழும்பில் வேலையிழந்து திரும்பிய பிள்ளைகளும் விடுபடுவர். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது லயத்துப் பெண்களுக்குத் தெரியும். பட்டியலை அவர்களே தயாரிக்க வேண்டும் என்பது முதற் பாடம்.

இரண்டாவது பாடம் இதனினும் ஆழமானது. பொதி பத்து நாளில் தீர்ந்துவிடும். அதன் பின்னும் தாக்குப்பிடித்தவர்கள் யார்? லயத்தின் பின்புறம் ஒரு துண்டு நிலத்தில் கீரையும் போஞ்சியும் வற்றாளையும் போட்டிருந்தவர்களே. 2022 ஜூனில் அரசாங்கம் வீட்டுத்தோட்டம் செய்வதற்கென அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அளித்தது. லயன் காம்பராவில் வாழ்பவர் எங்கே பயிரிடுவார்? 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்கு மாறியபோதும் காணி அரசுடையதாகவே இருந்தது. அதைத் தலைமுறை தலைமுறையாகப் பண்படுத்திய பெருந்தொகையானோரின் கையில் உறுதி இல்லை.

இது பஞ்ச காலத்துக் கேள்வி மட்டுமன்று. கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டம் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண்ணில் புதையுண்டது. அங்கு ஆபத்து உண்டெனத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. தனக்கென ஓரடி மண் இல்லாதவனை ‘எழும்பிப் போ’ என்றால் அவன் எங்கே போவான்? 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகள் உயிர்களைப் பலிகொண்டன.

“காணி கேட்பது அரசியல், நாம் நிவாரணத்தோடு நின்றுகொள்வோம்” என்போர் எம்மிடையே உளர். அவர்களது அச்சம் புரிந்துகொள்ளத்தக்கதே. தோட்டத்திற்குள் செல்ல நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அது மறுக்கப்பட்டால் சிறுவர் நிலையமும் மருத்துவ முகாமும் நின்றுவிடும். தனித்து நிற்கும் அமைப்பை வாயிலிலேயே நிறுத்திவிடலாம் என்பதும் உண்மை. வலையமைப்பு என்ற ஒன்று தேவைப்படுவது இதற்காகவே. பல அமைப்புகள் ஒரே கோரிக்கையுடன் பிரதேச செயலகத்தின் முன் நின்றால் அதைத் தட்டிக்கழிப்பது எளிதன்று.

ஆகவே, ஒவ்வொரு அமைப்பும் தனது வருடாந்த வரவுசெலவில் ஒரு பங்கைக் காணிப் பணிக்கென ஒதுக்க வேண்டும் என்பது எமது கருத்து. ஆபத்தான லயங்களைக் கணக்கெடுப்போம். பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் இல்லாதோருக்கு அவற்றைப் பெற உதவுவோம். ஏழு பேர்ச் வீட்டுக் காணி நல்ல தொடக்கமே. அதன் உறுதியைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் கேட்போம். வீடு கட்டிய பின் அதில் பயிரிட அதிக இடம் மிஞ்சாது. எனவே தரிசாய்க் கிடக்கும் தோட்ட நிலத்தில் மரக்கறி பயிரிடும் உரிமையையும் சேர்த்துக் கேட்போம்.

அடுத்த நெருக்கடியிலும் பொதி கட்டவேண்டி வரலாம், கட்டுவோம். ஆனால் பொதிக்காக வரிசையில் நிற்போரின் தொகை அன்று குறைந்திருக்க வேண்டுமானால், காணிப் பணியை இன்றே ஆரம்பித்தாக வேண்டும்.