தைப்பனியும் நடைவழியும்

தை பிறந்ததும் திண்டுக்கல் சமவெளியின் சாலைகள் வேறு கோலம் கொள்கின்றன. சிறுமலையின் அடிவாரம் பனிமூட்டத்தில் மறைந்து கிடக்கும் பின்னிரவிலும், காரைக்குடிச் சீமையிலிருந்து புறப்பட்ட மக்கள் நத்தம் வழியாகத் திண்டுக்கல்லை அடைந்து, ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் கடந்து, பழநி நோக்கி அணியணியாக நடப்பர். நத்தத்திற்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே ஏறத்தாழ 37 கிலோமீட்டர். திண்டுக்கல்லுக்கும் பழநிக்கும் இடையே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். குன்றக்குடியிலிருந்து காவடியோடு வரும் நகரத்தாரின் நடைப்பயணம் நெடுங்கால மரபுடையது. மேலைநாட்டார் பனிக்காலத்தில் நெடுந்தொலைவு நடப்பதைத் துணிவுச் செயலாகக் கருதிப் போற்றுகின்றனர். நம் நாட்டில் உழவரும் தொழிலாளரும் மாணவரும் முதியோரும் அதனை ஒத்த முயற்சியை ஆண்டுதோறும் ஆரவாரமின்றி மேற்கொள்கின்றனர்.

அவர்தம் வழிபாடு வேறு. நம் வழிபாடு வேறு. இதில் மயக்கம் ஏதும் இல்லை. ஆயினும் அவர்கள் நடக்கும் சாலை நம் ஊர்ச் சாலை. அச்சாலையில் நடந்து செல்பவர் ஒருவர் ஊர்தி மோதி உயிரிழப்பாராயின், அப்பழியில் நமக்கும் பங்குண்டு என்பதே நம் கருத்து.

பகலில் தார்ச்சாலை சுடுகிறது. வெறுங்காலுடன் நடப்போர்க்கு அது பெருந்துன்பம். ஆதலால் பலர் இரவையே தேர்ந்துகொள்கின்றனர். இவ்வழக்கம் புதிதன்று. புகாரிலிருந்து மதுரைக்கு நடந்த கண்ணகியும் கோவலனும் கவுந்தியடிகளும் பகல் வெம்மைக்கு அஞ்சி நிலவொளியில் நடந்ததைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. அதே காப்பியத்தின் காடுகாண் காதை, மதுரைக்குச் செல்லும் வழிகளுள் ஒன்றற்கு நம் சிறுமலையை அடையாளமாகச் சொல்கிறது. பாண்டியன் நாட்டில் கொடிய விலங்குகளும் வழிச்செல்வோர்க்குத் தீங்கு செய்யா என்பதே அன்று இரவில் நடக்கத் துணிவு தந்தது. வழிச்செல்வோர் அச்சமின்றி நடத்தலை நல்லாட்சியின் அடையாளமாக இளங்கோவடிகள் கண்டார். இன்று விலங்குகள் இல்லை, ஊர்திகள் உள்ளன. அவற்றின் முன் நம் வழிநடையாளர் எத்துணை அச்சமின்றி நடக்கின்றனர்?

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள் என்கிறது நடுவண் அரசின் அறிக்கை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ஊர்தி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் கண்டு, உணர்ந்து, பிரேக்கை அழுத்த ஒன்றரை நொடி ஆகுமாயின், அதற்குள் 25 மீட்டர் கடந்துவிடும்; அதன் பின்னரே வேகம் தணியத் தொடங்கும். பனிமூட்டத்தில், காவியோ பச்சையோ உடுத்து, விளக்கின்றி நடக்கும் ஒருவரை ஓட்டுநர் காண்பதற்குள் எல்லாம் முடிந்துவிடக்கூடும்.

ஆதலின் நடக்க முயல்வோர்க்கும் கடமைகள் உண்டு. ஒளியைத் திருப்பி வீசும் பட்டையை உடையிலும் பையிலும் ஒட்டிக்கொள்ளுதல், நடைபாதை இல்லாத இடத்தில் எதிர்வரும் ஊர்திகளைப் பார்த்தவாறு சாலையின் வலப்புறம் நடத்தல், சாலையோரத்தில் படுத்துறங்காமை ஆகியன எளியவை, உயிர் காப்பவை. நம் சமவெளியில் பனிக்கட்டி உறைவதில்லை. எனினும் வியர்வையில் நனைந்த ஆடையோடு பனியில் அமர்ந்தால் உடல் நடுங்கும். குளிரில் தாகம் தோன்றாது. தோன்றாவிடினும் நீர் அருந்த வேண்டும். நீரிழிவு உடையோர்க்குக் காலில் உணர்ச்சி குன்றியிருக்கலாம். கொப்புளமும் முள்ளும் அவர்க்குத் தெரியாமலே புண்ணாகிவிடும். அவர்கள் மருத்துவரைக் கேளாது வெறுங்காலுடன் புறப்படலாகாது. உடல் இயலாதபோது பாதிவழியில் பேருந்தேறுதல் இழிவன்று. உடலும் ஓர் அமானிதமே.

அரசின் கடமை இவற்றினும் பெரிது. பழநிச் சாலையில் சில பகுதிகளில் நடைபாதை அமைக்கப்பட்டுள்ளமை பாராட்டத்தக்கது. ஆனால் பாதை துண்டுதுண்டாக இருப்பின், அது முடியும் இடத்திலேயே ஆபத்துத் தொடங்கும். சில நாள் விழாவுக்காக இத்துணைச் செலவா எனச் சிலர் வினவலாம். விழா முடிந்த பின்னும் அச்சாலையில் பள்ளிப் பிள்ளைகள் நடக்கின்றனர். சந்தைக்குக் காய்கறி சுமப்போர் நடக்கின்றனர். வயல்வேலைக்குப் பெண்கள் நடக்கின்றனர். தைப்பூசத்திற்கு வேண்டும் பாதை ஆண்டு முழுவதும் அவர்களுக்கும் வேண்டும். ஊர்திக்காக அகலும் ஒவ்வொரு சாலையும் நடப்பார்க்கும் இடம் தந்தே அகல வேண்டும்.

இதில் நாம் ஏன் ஈடுபட வேண்டும் எனச் சமுதாயப் பெரியோர் சிலர் ஐயுறலாம். வழியில் கிடக்கும் இடையூற்றை அகற்றுதலை இறைநம்பிக்கையின் கிளைகளுள் ஒன்றாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். ஜகாத் பெறத் தகுதியுடைய எண்வகையினருள் வழிப்போக்கரையும் ஒரு வகையினராகத் திருக்குர்ஆன் எண்ணுகிறது. வழிச்செல்வோர்க்கு இத்துணைச் சிறப்புத் தந்த மார்க்கத்தைப் பின்பற்றுவோர், இரவில் தம் தெருவைக் கடப்பவர் இன்னார் எனக் கேட்டு நிற்பது பொருந்தாது. ஹைதர் அலியின் நினைவைத் தாங்கிய கோட்டையும் பேகம்பூரும் உள்ள இந்நகரில், ஒருவர் வாசலை ஒருவர் கடந்தே அனைவரும் வாழ்ந்து வருகின்றனர்.

தமிழ் பயில்வோர்க்கு இக்கடமை இரட்டிப்பானது. பத்துப்பாட்டில் சரிபாதியான ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். வழியறிந்தவன் அறியாதவனை ஆற்றுப்படுத்துவதை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்தவர் நம் முன்னோர். மலைபடுகடாம் பரிசிலின் பெருமையை மட்டும் பாடவில்லை. பன்றிப் பொறி எங்கே, வழுக்கும் இடம் எங்கே, எப்போது நடத்தல் ஆகாது என்றும் எச்சரிக்கிறது. அதனைத் தேர்வுக்காகப் படித்து மறப்பதினும், வரும் தை மாதத்தில் நம் மாணவர் சிலர் ஒளிப்பட்டைகளும் குடிநீரும் முதலுதவிப் பெட்டியும் கொண்டு சாலையோரம் நிற்பது மேலானது. நடைபாதை அறுபட்ட இடங்களை அளந்து குறித்து மாவட்ட நிர்வாகத்திற்கு விண்ணப்பமாக அளிப்பது அதனினும் மேலானது. நாட்டு நலப்பணித் திட்ட மாணவரும் தமிழ்த்துறை மாணவரும் இணைந்தால் ஒரு வாரத்தில் முடியும் பணி இது. பெரியோர் துணை நிற்க வேண்டுகிறோம்.