தடிமனான 'தம்பி' எழுத்து: எங்கே பேசணும், எங்கே அடக்கி வாசிக்கணும்?

ஆஃபர் போஸ்டர், சமையல் வீடியோவின் தம்ப்நெயில், வாட்ஸ்அப் ஸ்டிக்கர்... எல்லாவற்றிலும் ஒரே மாதிரியான எழுத்து கண்ணில் படும். தடியாக, முனைகள் மழுங்கி, கொழுகொழுவென்று இருக்கும். இந்த வகையில் தமிழில் நன்கு அறிமுகமான ஃபான்ட் 'பாலு தம்பி'.

யார் இந்தத் தம்பி?

மும்பையைச் சேர்ந்த 'ஏக் டைப்' குழு, பல இந்திய எழுத்துகளுக்காகச் சேர்த்து வடிவமைத்த குடும்பம் இது. இந்தியில் 'பாலு' என்றால் கரடி. பல மொழிகளில் அதற்கு ஓர் உறவுமுறைப் பெயர் உண்டு. மலையாளத்தில் 'சேட்டன்', தெலுங்கில் 'தம்முடு', பஞ்சாபியில் 'பாஜி', தமிழில் 'தம்பி'. கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. கடை விளம்பரத்துக்கோ, புத்தக அட்டைக்கோ பயன்படுத்தத் தனிக் கட்டணம் இல்லை. டிசைனருக்குச் செலவு செய்ய முடியாத சின்னக் கடைக்கு இது பெரிய உதவி.

ஏன் பிடிக்கிறது?

எழுத்துக்கும் ஒரு குரல் உண்டு. கூர்மையான முனைகள் கொஞ்சம் அதிகாரமாக, விறைப்பாகப் பேசும். உருண்ட முனைகள் தோளில் கை போட்டுப் பேசும். தமிழ் எழுத்தில் வளைவுகள் இயல்பாகவே அதிகம் என்பதால், இந்த வடிவம் ஒட்டவைத்தது போலத் தெரிவதில்லை. பிராண்ட் பெயர், தலைப்பு, குழந்தைகள் புத்தகத்தின் அட்டை என நாலு வார்த்தையில் முடியும் இடங்களில் தம்பி கலக்குவான்.

சிக்கல் எங்கே?

கோடு தடிமனாக ஆக, எழுத்துக்குள் இருக்கும் வெள்ளை இடம் சுருங்கும். ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு இது கூடுதல் பிரச்சினை. மூன்று சுழி 'ண'வையும் ரெண்டு சுழி 'ன'வையும் பிரிப்பது ஒரே ஒரு சுழிதான். அளவு சிறிதானால் சுழிகள் அடைத்துக்கொள்ளும். 'மணம்' எது, 'மனம்' எது என்று கண் தடுமாறும். மெய்யெழுத்தின் புள்ளியும் கீழே இருக்கும் கோட்டோடு ஒட்டிக்கொண்டது போலத் தெரியும். மருந்துக் குறிப்பு, விண்ணப்பப் படிவம், நீளமான செய்தி ஆகியவற்றை இதில் போட்டால் படிப்பவருக்குத்தான் தண்டனை.

அதன் அடுத்த பதிப்பான 'பாலு தம்பி 2'வில் ரெகுலர் முதல் எக்ஸ்ட்ரா போல்ட் வரை ஐந்து தடிமன்கள் இருக்கின்றன. தலைப்புக்குத் தடித்ததையும், துணைத் தலைப்புக்கு மெலிந்ததையும் எடுக்கலாம். பத்தி பத்தியாக ஓடும் உரைக்கு வேறு ஃபான்ட்தான் நல்லது.

குரலை வைத்து ஏமாற்றலாமா?

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரு கடன் ஆப், 'உடனே பணம்!' என்பதை உருண்ட தடித்த எழுத்தில் தம்பி மாதிரி கூப்பிட்டுச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அபராத வட்டியை மட்டும் கீழே மெல்லிய சாம்பல் நிற எழுத்தில் முணுமுணுக்கிறது. இதில் ஃபான்ட் மேல் குற்றமில்லை. ஆனால் நட்பான குரலில் கூப்பிட்டவர், வட்டியையும் அதே அளவு தெளிவாகச் சொல்ல வேண்டும். வடிவமைப்பவரும் அதற்குப் பொறுப்பு.

செய்ய வேண்டியது எளிது. போஸ்டரை அனுப்பும் முன் சாதாரண போனில், கை நீட்டிய தூரத்தில் வைத்துப் பார்க்கணும். சுழியும் புள்ளியும் தெரிந்தால் அனுப்பலாம். தெரியவில்லையா? அளவைக் கூட்டணும், இல்லை தடிமனைக் குறைக்கணும். வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் காட்டி வாசிக்கச் சொல்வது இன்னும் நல்லது.