மின்சாரத்துக்கும் வேண்டும் உச்ச விலை

45 கிலோ யூரியா மூட்டையின் மேல் 266 ரூபாய் 50 காசு என்று விலை அச்சிட்டிருக்கிறது. கடைக்காரர் அதற்கு மேல் கேட்டால் நீங்கள் தட்டிக்கேட்கலாம். வேளாண் அலுவலரிடம் புகார் செய்யலாம். அந்த எண் மூட்டையில் இல்லாவிட்டால், மழை பெய்த மறுநாள் அவசரத்துக்கு வாங்குகிறவர் சொன்ன விலைக்குத்தான் வாங்க வேண்டும். மின்சாரத்திலும் இதே கேள்வி இப்போது நம் முன் வந்து நிற்கிறது.

இன்றைய நிலை

நைனார்பாளையம் பகுதியில் மக்காச்சோளமும் மரவள்ளியும் பருத்தியும் போடும் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிணற்று மோட்டாருக்குக் கட்டணம் கிடையாது. வீட்டுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். மாவு மில்லோ மளிகைக் கடையோ இருந்தால் அதற்குத் தனி வீதம். இவை எல்லாவற்றுக்கும் விலை வைப்பது, மின்சாரச் சட்டம் 2003-இன்படி, தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். ஊருக்கு மின்சாரம் விற்பது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் ஒன்றுதான்.

மத்திய மின்துறை அமைச்சகம் 2025 அக்டோபரில் ஒரு சட்டத் திருத்த வரைவைக் கருத்துக் கேட்புக்கு வெளியிட்டது. ஒரே பகுதியில், ஒரே கம்பி வழியாக, ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மின்சாரம் விற்க அது வழி செய்கிறது. 2022 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமாகி, பின்னர் காலாவதியான மசோதாவின் நோக்கமும் இதுவே. போட்டி வந்தால் இழப்பு குறையும், சேவை மேம்படும் என்பது ஆதரிப்போர் வாதம். நம் மின்வாரியத்தின் கடன் ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்ட நிலையில், அந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது.

விற்கிறவர் பலராகும்போது விலைக்குக் காவல் யார் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

மற்ற நாடுகள் கற்ற பாடம்

ஆஸ்திரேலியாவில் பல நிறுவனங்கள் வீடுகளுக்கு மின்சாரம் விற்கின்றன. நன்றாக விசாரித்து ஒப்பந்தம் போட்டவர்களுக்குக் குறைந்த விலை கிடைத்தது. எதையும் தேர்ந்தெடுக்காமல் பழைய இணைப்பிலேயே இருந்தவர்கள் மிக அதிக விலை கொடுத்தார்கள். விலையை ஏற்றி எழுதிவிட்டு ஆடித் தள்ளுபடி என்று பலகை வைப்பது போல, நிறுவனங்கள் ஆளுக்கொரு அடிப்படை விலையிலிருந்து தள்ளுபடி காட்டின. எது மலிவு என்று படித்தவர்களாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. அந்நாட்டுப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் 2018-இல் இதை ஆராய்ந்து அறிக்கை தந்தது. 2019 ஜூலை 1 முதல் நியூ சவுத் வேல்ஸ், தெற்கு ஆஸ்திரேலியா, தென்கிழக்கு குயின்ஸ்லாந்து பகுதிகளில் வீடுகளுக்கும் சிறு வணிகங்களுக்கும் ஒழுங்குமுறை அமைப்பே ஓர் உச்ச விலையை நிர்ணயிக்கிறது. ஒப்பந்தம் எதுவும் தேர்ந்தெடுக்காதவரிடம் அதற்கு மேல் வாங்கக்கூடாது. தள்ளுபடி விளம்பரம் செய்தாலும் அந்த ஒரே விலையோடு ஒப்பிட்டுத்தான் காட்ட வேண்டும்.

பிரிட்டனிலும் 2019 ஜனவரியில் இத்தகைய உச்ச வரம்பு வந்தது. ஆனால் 2021-இல் எரிவாயு விலை எகிறியபோது இருபதுக்கும் மேற்பட்ட விற்பனை நிறுவனங்கள் கடையை மூடின. அவற்றின் வாடிக்கையாளர்களை வேறு நிறுவனங்களுக்கு மாற்றிய செலவு, கடைசியில் எல்லோருடைய ரசீதிலும் ஏறியது. விலை வரம்போடு, நிறுவனம் நொடித்தால் பொறுப்பேற்பது யார் என்பதும் முன்கூட்டியே எழுதப்பட வேண்டும் என்பது அங்கிருந்து கிடைத்த பாடம்.

நம் நாட்டிலேயே மும்பை புறநகரில் டாடா, அதானி என்ற இரு நிறுவனங்களில் ஒன்றை மக்கள் தேர்ந்தெடுக்கலாம். இரண்டின் கட்டணத்தையும் மகாராஷ்டிர ஆணையம்தான் நிர்ணயிக்கிறது. ஆனால் மும்பை நெருக்கமான நகரம். கல்வராயன் மலையடிவாரத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் கம்பி இழுத்த பகுதிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. புதிதாக வரும் நிறுவனம் முதலில் தேடுவது தொழிற்சாலையையும் பெரிய கடைகளையும்தான். அவர்கள் கூடுதலாகக் கட்டும் பணத்தில்தான் இன்று வீட்டுக்கும் மோட்டாருக்குமான விலை தாங்கப்படுகிறது. அவர்கள் போய்விட்டால் கிராமத்துச் சுமை முழுவதும் பழைய நிறுவனத்தின் தலையில் விழும்.

மோட்டார் கணக்கு

5 குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 4 யூனிட் செலவாகும். நாளுக்கு 6 மணி நேரம், ஆண்டுக்கு 100 நாள் ஓடினால் 2,400 யூனிட். ஆணையம் 2024 ஜூலையில் வீடுகளுக்கு வைத்த முதல் படி விலை, மானியத்துக்கு முன், யூனிட்டுக்கு 4.80 ரூபாய். அந்த விலையைப் போட்டாலே 11,520 ரூபாய். ஆழ்துளைக் கிணற்றில் 10 குதிரைத்திறன் மோட்டார் வைத்திருப்பவருக்கு இது இரட்டிப்பு. இந்தத் தொகையை இன்று அரசு உங்களுக்காக மின் கழகத்துக்குச் செலுத்துகிறது.

2020-இல் வந்த வரைவு, முழுக் கட்டணத்தையும் வசூலித்துவிட்டு மானியத்தை வங்கிக் கணக்கில் போடலாம் என்றது. பணம் இரண்டு மாதம் தாமதமானால் என்ன ஆகும்? மக்காச்சோளம் ஆண்பூ விட்டுக் கதிரில் நூல் தள்ளும் இரண்டு வாரத்தில் ஒரு தண்ணீர் தவறினாலும் மணி பிடிப்பு குறையும். பிறகு எத்தனை தண்ணீர் பாய்ச்சினாலும் அந்த இழப்பை ஈடுகட்ட முடியாது. தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் கிடைத்த இலவச மின்சாரம் 2003-இல் நிறுத்தப்பட்டு, 2004 மக்களவைத் தேர்தலுக்குப் பிறகுதான் திரும்பியது. இருக்கும் சலுகை என்றும் இருக்கும் என்று நாம் சும்மா இருக்க முடியாது.

நாம் கேட்க வேண்டியவை

1. இன்றைய சட்டத்தின் 62-ஆம் பிரிவு, ஒரே பகுதியில் பலர் விற்கும்போது ஆணையம் உச்ச விலை மட்டும் நிர்ணயிக்க‘லாம்’ என்கிறது. வீடுகளுக்கும் சிறு கடைகளுக்கும் அது ‘வேண்டும்’ என்று மாற வேண்டும். தள்ளுபடிகளை அந்த விலையோடு மட்டுமே ஒப்பிட்டுக் காட்ட வேண்டும்.

2. மானியத் தொகையை அரசு முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்கிறது 65-ஆம் பிரிவு. எந்த நிறுவனம் வந்தாலும் பம்புசெட் மானியம் இந்த வழியில்தான் தொடர வேண்டும். விவசாயி முதலில் கட்டிவிட்டுப் பிறகு காத்திருக்கும் முறை கூடாது.

3. மும்முனை மின்சாரம் எத்தனை மணி நேரம், எந்த நேரத்தில் என்பதும் உரிமத்தின் நிபந்தனையாக வேண்டும். விலை குறைவாக இருந்து மின்சாரம் வராவிட்டால் பயிருக்குப் பயனில்லை.

4. நிறுவனம் நொடித்தால் மறுநாளே பொறுப்பேற்பவர் யார் என்பதை உரிமம் தரும்போதே அறிவிக்க வேண்டும்.

இப்போதே செய்யக்கூடியவை

உங்கள் மின் அட்டையில் உள்ள கட்டண வகையைப் பாருங்கள். மாட்டுப் பண்ணை, கோழிப் பண்ணை, காளான், பட்டுப்புழு, மீன் வளர்ப்பு ஆகியவை 12 கிலோவாட் வரை 3-ஏ(1) என்ற குறுந்தொழில் வீதத்தில் வருகின்றன. வணிக வீதத்தில் கட்டிக்கொண்டிருந்தால் மாற்றக் கோரி உதவிப் பொறியாளருக்கு எழுத்தில் மனுக் கொடுங்கள். தீராவிட்டால் வட்ட அளவில் உள்ள மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்குச் செல்லலாம். அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார்.

கட்டண மாற்றத்துக்கு முன் ஆணையம் பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. அங்கே தொழில் அமைப்புகளின் மனுக்கள் குவிகின்றன. விவசாயிகளின் குரல் குறைவாகவே கேட்கிறது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் மேலே சொன்ன நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதி அனுப்பலாம். மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் பதிவு செய்யலாம். மனு எழுத உதவுவதைக் களப்பணியாளர்கள் தங்கள் வேலையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். சட்டம் எழுதப்படும்போது சொல்லும் ஒரு வரி, எழுதி முடித்த பிறகு நடத்தும் பத்துப் போராட்டங்களுக்குச் சமம்.