பதில் சொல்லும் பிளேயரே வேண்டும்: லேசர் டிஸ்க் குறித்து எங்கள் நிலைப்பாடு

கராவோக்கே காலத்து லேசர் டிஸ்க் பிளேயர்களைத் தூக்கிப் போட மனமில்லாமல், “உங்கள் காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்” என்று பலர் கொண்டுவந்து தருகிறார்கள். அந்த அன்புக்கு நன்றி. ஆனால் கணினியோடு சேர்ந்து இயங்க வேண்டிய காட்சிக்கு வீட்டுப் பிளேயரை ஏற்பதில்லை என்று, தாசேக் கெலுகோரில் தோட்ட வரலாறு சேகரிக்கும் எங்கள் குழு முடிவெடுத்திருக்கிறது. காரணத்தைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ரிமோட்டில் இயங்கும் பிளேயர் கட்டளையைக் கேட்கும், பதில் சொல்லாது. கேட்ட சட்டகம், அதாவது அந்தத் தனிப் படம், வந்துவிட்டதா, வட்டு சுழலவே தொடங்கவில்லையா என்பது கணினிக்குத் தெரியாது. பள்ளிப் பிள்ளை பொத்தானை அழுத்திவிட்டுக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பயிற்சி நிலையங்களுக்காகப் பயனியர், சோனி நிறுவனங்கள் செய்த தொழில்முறைப் பிளேயர்களிலோ கணினியோடு இருவழியாகப் பேசும் ஆர்.எஸ்.232 இணைப்பு உண்டு. பயனியரின் எல்.டி.-வி. வரிசையில் சட்டக எண்ணைச் சேர்த்து ‘எஸ்.இ.’ என்று அனுப்பினால், வாசிப்புத் தலை அந்த இடத்துக்கு ஓடி நின்று, ‘ஆர்’ என்ற ஒற்றை எழுத்தைத் திருப்பி அனுப்பும். அந்த ஓர் எழுத்துக்காகத்தான் இத்தனை பிடிவாதம்.

வட்டையும் பார்த்தே எடுக்க வேண்டும். சி.ஏ.வி. வகையில் ஒரு சுற்றுக்கு ஒரு சட்டகம். ஒரு பக்கத்தில் 54,000 வரை, ஒவ்வொன்றுக்கும் தனி எண். சி.எல்.வி. ஒரு மணி நேரம் படம் ஓட்டும், திரைப்படத்துக்கு நல்லது. எண் சொல்லி ஒரே சட்டகத்தில் நிறுத்தும் எங்கள் வேலைக்கு ஆகாது. தொலைக்காட்சி முறையில் ஜப்பானிய வட்டுகள் என்.டி.எஸ்.சி., பிரிட்டிஷ் வட்டுகள் பி.ஏ.எல். என்பதையும் மறக்கக் கூடாது.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. பள்ளிப் பிள்ளைகள் உட்பட ஒரு மில்லியனுக்கும் அதிகமானோர் தங்கள் ஊரைப் பற்றி எழுதியும் படமெடுத்தும் கொடுத்தவற்றை, பிபிசி 1986இல் டோம்ஸ்டே திட்டத்துக்காக லேசர் வட்டுகளில் ஏற்றியது. பிலிப்ஸ் வி.பி.415 பிளேயரும் பிபிசி மாஸ்டர் கணினியும் சேர்ந்தால்தான் அவை திறக்கும். பதினைந்தே ஆண்டுகளில் அந்த ஜோடி கிடைப்பது அரிதாகிவிட்டது. 2002இல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தக் கணினி செய்ததை எல்லாம் மென்பொருளாக எழுதித்தான் அவற்றை மறுபடி திறந்து காட்டினார்கள். நம் லயத்து வீடுகளும் கோயில் திருவிழாவும் பால்மரக் காடும் அப்படி ஒரே பெட்டிக்குள் பூட்டப்படுவதை நாங்கள் ஒப்பமாட்டோம்.

ஆகவே எந்த வட்டு கைக்கு வந்தாலும் முதலில் முழுப் பிரதி எடுப்போம், சட்டக எண்கள் மாறாமல். கட்டளைப் பட்டியலைக் காகிதத்தில் அச்சிட்டு வட்டோடு வைப்போம். பயனியர் 2009இல் பிளேயர் உற்பத்தியை நிறுத்திவிட்டது; பழுதானால் புதிது வாங்க வழியில்லை. அதனால் இரண்டாவது தொழில்முறைப் பிளேயர் கிடைக்கும்வரை காட்சியைத் திறக்கமாட்டோம்.

வீட்டுப் பிளேயர் வைத்திருப்பவர்கள் அதை எறிந்துவிட வேண்டாம். படத்தையும் ஒலியையும் பிரதியெடுக்க அது நன்றாகவே உதவும். வட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிமிர்த்தி வைத்துக் கொண்டுவாருங்கள்.