கரிக்குக் கணக்கு உண்டு, வீட்டுக்கு?

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பதில் ரெடியாக இருக்கும். எவ்வளவு கனம், எவ்வளவு ஈரம், எரித்தால் எவ்வளவு சாம்பல், எல்லாவற்றுக்கும் துளைபோட்டு எடுத்த கணக்கு உண்டு. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரி கிடைத்த கதையை டவுன்ஷிப் பிள்ளைகளே சொல்வார்கள்.

சரி, அந்தக் கரிக்கு மேலே இருந்த வீடுகள் எப்படி இருந்தன? உத்திரம் என்ன மரம்? பனைவாரையை எதனால் கட்டினார்கள்? முதலில் கட்டிய அறை எது, மகனுக்குக் கல்யாணம் ஆனபோது இழுத்துக் கட்டியது எது? இதைக் கேட்டால் தலையைச் சொறிவார்கள்.

1956-ல் நிறுவனம் தொடங்கி, 1957-ல் சுரங்கம் வெட்ட ஆரம்பித்து, 1961-ல் கரியைக் கண்ணால் பார்த்தார்கள். அன்று முதல் சுரங்கம் நகர நகர, ஊர்களும் காலியாகின்றன. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் மீது இயந்திரம் ஓடியதை டி.வி.யில் பார்த்துக் கொதித்தோம். நியாயமான கோபம். வீடு இடிகிறபோது மட்டும் நமக்கு அந்தக் கோபம் வருவதில்லை. 'பழைய மண்ணு வீடுதானே' என்று விட்டுவிடுகிறோம்.

அந்த மண்ணு வீட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மழைச்சாரல் சுவரைக் கரைக்கக் கூடாது என்று கூரையைத் தாழ இறக்கியிருப்பார்கள். நம் தலையில் இடிக்கும், சுவர் நனையாது. கனமான மண்சுவர் சித்திரை வெயிலை உள்ளே விடாது. வைரம் பாய்ந்த பனையாகப் பார்த்து வெட்டி வாரை போட்டால் தலைமுறை தாங்கும். கூரை ஓடாகி, ஓடு மெத்தையான வரிசையில் அந்தக் குடும்பத்தின் நல்ல விளைச்சலும் பட்ட கடனும் தெரியும். படிக்கத் தெரிந்தால் வீடும் ஒரு பத்திரம்தான்.

இப்படி வழியில் நின்ற ஒரு வீடு இங்கிலாந்திலும் உண்டு. கென்ட் பகுதியில் 'பேலீஃப்' என்ற உழவர் வீடு. 15-ஆம் நூற்றாண்டில் ஓக் மரச்சட்டங்களால் கட்டியது. ஒரு சட்டத்தின் நாக்கை இன்னொன்றின் துளையில் நுழைத்து, மரமுளை அடித்து நிறுத்தியது. 1960-களில் அங்கே நீர்த்தேக்கம் கட்ட முடிவானது. தண்ணீர் கம்பெனி வீட்டை ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது. சட்டம் சட்டமாகப் பிரித்து, சசெக்ஸ் பகுதியில் சிங்கிள்டன் என்ற ஊருக்குக் கொண்டுபோய் மறுபடி நிறுத்தினார்கள். பிரித்து ஆராய்ந்ததில்தான் வீட்டின் வயது பேசியது. அந்தக் காலத்தில் புகைபோக்கி கிடையாது. கூடத்தின் நடுவில் தீ மூட்டினார்கள், கூரை கறுத்தது. ஒரு பக்கத்து அறைகள் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர்த்தவை. நம் ஊரில் மகனுக்கு இழுத்துக் கட்டுகிற அதே கதை!

கவனியுங்கள். 'தண்ணீர் வேண்டாம்' என்று அங்கே அருங்காட்சியகம் சண்டை போடவில்லை. நீர்த்தேக்கமும் வந்தது, வீடும் பிழைத்தது. எனவே 'அப்போ கரண்ட் வேண்டாமா?' என்ற வழக்கமான கேள்வியைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

நமக்கும் இது தெரியாத வித்தையில்லை. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடும் கேரள வீடும் பிரித்துக் கொண்டுவரப்பட்டு நிற்கின்றன. நெய்வேலியில் செய்ய என்ன தடை? இடமா இல்லை? பணமா இல்லை?

'ஏன் சார், நஷ்டஈட்டுக்கும் வேலைக்குமே ஜனங்கள் அலையறாங்க. இதுல வீட்டுப் படம் ஒரு கேடா?' என்பீர்கள். நஷ்டஈடும் வேலையும்தான் முதலில். ஆனால் ஒழுங்காக அளந்து வரைந்த படம் கையில் இருந்தால், 'பழைய கூரை வீடு ஒன்று' என்று ஒரே வரியில் விலை போடுகிறவரிடம் வாதாடவும் அதுவே உதவும்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. ஒரு வீட்டை இடிப்பதற்கு முன்னால் அதை அளந்து, வரைந்து, படம் எடுக்க வேண்டும். கட்டிய ஆசாரியும் கொத்தனாரும் இருந்தால் அவர்கள் பேச்சைப் பதிவு செய்ய வேண்டும். கட்டடக்கலை மாணவர்கள் பாடத்துக்காகக் கோயிலையும் அரண்மனையையும் அளக்கிறார்கள், இங்கேயும் அனுப்பலாம். பெரிய விவசாயி வீட்டோடு நிறுத்திவிடக் கூடாது. காலனியில் கூலிக்காரர் வீட்டையும் அதே அக்கறையோடு அளக்க வேண்டும். பேலீஃப் வசதியானவர் வீடு, அதனால்தான் அறுநூறு வருஷம் தாங்கியது. ஏழையின் வீடு அப்படித் தாங்காது. அதைத்தான் அவசரமாகப் பதிய வேண்டும்.

ஒரு காப்பி வீட்டுக்காரருக்கு, ஒன்று டவுன்ஷிப் நூலகத்துக்கு. முடிந்தால் ஒரே ஒரு வீட்டையாவது பிரித்துவந்து டவுன்ஷிப்பில் நிறுத்தலாம்.

பழுப்பு நிலக்கரி என்பதே கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் புதைந்த மரம்தான். கீழே இருக்கிற அந்த மரத்தை டன் கணக்கில் எடை போட்டு எழுதி வைக்கிறோம். மேலே உத்திரமாக இருந்த மரத்துக்கு ஒரு தாள் ஒதுக்கக் கூடாதா?