கதவு திறந்ததும் கொஞ்சம் நில்லுங்கள்

நேற்று இரவும் அதேதான் நடந்தது. டன்ஜன் வாசலில் ஐந்து பேரும் வந்து இறங்கினோம். நான் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு எந்தக் கூட்டத்தை முதலில் இழுக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பின்னாலிருந்து ஓர் அம்பு என் தோளைத் தாண்டிப் போனது. விட்டவர் எங்கள் குழுவின் ஹன்ட்டர். அம்பு பட்ட மிருகம் தனியாகவா வரும்? பக்கத்தில் நின்ற நான்கையும் கூட்டிக்கொண்டு வந்தது. ஐந்தும் என்னைத் தாண்டி அவர் மேல் பாய்ந்தன. அவர் ஓடினார். ஓடிய வழியில் இன்னொரு கூட்டம் நின்றது, அதுவும் கிளம்பியது. முதலில் ஹீலர் செத்தார், அடுத்து ஹன்ட்டர், பிறகு மற்ற இருவர், கடைசியாக நான். ஐந்து பேரும் தரையில் கிடக்கும்போது அரட்டைப் பெட்டியில் வந்த முதல் வரி, டேங்க் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில் பல வருடமாக நான் டேங்க். அந்தக் கேள்வியைப் பார்த்தால் எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது.

ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். 2004-இல் வந்த விளையாட்டு இது. டன்ஜன் என்பது எதிரிகள் நிறைந்த மூடிய இடம். அதற்குள் போகும் குழுவில் ஐந்து பேர். ஒருவர் டேங்க், ஒருவர் ஹீலர், மூன்று பேர் அடிப்பவர்கள். அடிப்பவர்களை டிபிஎஸ் என்போம். டேங்க்கின் வேலை, எதிரிகள் அத்தனை பேரின் கோபத்தையும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு அடி வாங்குவது. அந்தக் கோபத்துக்கு அக்ரோ என்று பெயர். ஒவ்வொரு மிருகமும் யார் தன்னை எவ்வளவு அடித்தார்கள் என்று தனித்தனியாகக் கணக்கு வைத்திருக்கும். கணக்கில் நான் முதலில் இருக்கும்வரை அது என்னை விட்டு நகராது. கிட்ட நின்று வெட்டுகிறவர் என் கணக்கை 10 சதவீதம் தாண்டினால்தான் அவர் பக்கம் திரும்பும். தூரத்தில் நின்று அடிப்பவருக்கு இன்னும் தாராளம், 30 சதவீதம் தாண்ட வேண்டும்.

ஆனால் இதெல்லாம் என் கணக்கில் ஏதாவது இருந்தால்தானே? நான் ஓர் அடிகூட அடிக்காதபோது என் கணக்கு பூஜ்யம். பூஜ்யத்தைத் தாண்ட ஓர் அம்பு போதும். அதைவிடப் பெரிய கொடுமை ஹீலருக்கு நடப்பது. குணப்படுத்துவதற்கும் மிருகங்களுக்குக் கோபம் வரும். குணப்படுத்தும் அளவில் பாதியை எல்லா மிருகங்களும் தங்களுக்குள் பங்கு போட்டு அவர் கணக்கில் எழுதிக்கொள்ளும். ஹன்ட்டர் அம்பு விட்டார், அடி வாங்கினார், பதறிப்போய் ஹீலர் அவரைக் குணப்படுத்தினார். அதுவரை யாருமே தொடாத மிருகங்களின் கணக்கில் ஒரே பெயர்தான், ஹீலருடையது. துணி உடுப்பில் நிற்கும் அவர் மேல் அவை போய் விழுந்தன. நேற்று அவர் முதலில் செத்தது அதனால்தான். அவர் தன் வேலையைச் சரியாகச் செய்ததற்காகவே செத்தார்.

திருப்பி இழுக்க என்னிடம் டான்ட் இருக்கிறது, உண்மைதான். அது ஒரு மிருகத்துக்கு மட்டும். அடுத்த முறை பயன்படுத்த எட்டு நொடி காத்திருக்க வேண்டும். ஐந்து மிருகம் ஐந்து திசையில் ஓடும்போது அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? நான் முதலில் ஓடிப்போய்ப் பாய்ந்து, ஒரு முறை சுழற்றி அடித்து, எல்லாவற்றையும் என் காலடிக்குக் கொண்டுவர மூன்று நொடி பிடிக்கும். மூன்றே நொடி. அதன்பிறகு நீங்கள் உலகத்திலுள்ள அம்பையெல்லாம் விடலாம், நெருப்பையெல்லாம் கொட்டலாம், ஒரு மிருகமும் திரும்பிப் பார்க்காது.

அந்த மூன்று நொடியைத்தான் யாரும் தருவதில்லை.

ஹன்ட்டரின் வளர்ப்பு மிருகத்துக்கு கிரவுல் என்று ஒன்று உண்டு, எதிரியைத் தன் பக்கம் இழுக்கும். தனியாக ஊர் சுற்றும்போது அது உயிர் காக்கும். குழுவோடு வரும்போது அணைத்துவிட வேண்டும், ஒரே ஒரு சொடுக்கு. பத்தில் ஒருவராவது அணைக்காமல் வருவார். டன்ஜனின் பெரிய எதிரியான பாஸை நான் இந்தப் பக்கம் இழுக்க, ஹன்ட்டரின் கரடி அந்தப் பக்கம் இழுக்க, அது நடுவில் தலையைத் திருப்பித் திருப்பி எல்லோர் மேலும் நெருப்பைத் துப்பும். நெருப்பு முன்பக்கம் மட்டும்தான் பாயும் என்பதால்தான் பாஸின் முகத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கிறேன். நான்கு பேரும் பின்னால் பத்திரமாக நிற்கட்டும் என்றுதான். தூரத்தில் நின்று மந்திரம் வீசும் எதிரிகளைத் தூணுக்குப் பின்னால் மறைந்துகொண்டு இழுப்பேன். பார்வை மறைந்தால் அவர்கள் தாமாக நடந்து வருவார்கள். அப்படி அரும்பாடுபட்டு ஓரிடத்தில் சேர்த்தவுடன் ஒரு ஷாமன் வந்து இடிமுழக்கத்தை அவிழ்த்துவிட்டு எல்லாவற்றையும் நான்கு மூலைக்கும் சிதறடிப்பார். எதற்கு? அந்தப் பொத்தான் அழுத்தத் தயாராக இருந்தது, அதனால்.

தேரோட்டத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். தேர் எந்த மூலையில் எவ்வளவு திரும்ப வேண்டும் என்பது கட்டையோடு குனிந்து நிற்கும் அந்த நாலைந்து பேர் கையில். அவர்கள் கை காட்டினால் அத்தனை பேரும் இழுப்பதை நிறுத்துகிறார்கள். ஏன் நிறுத்த வேண்டும் என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கும் அதே வேலைதான். நான் கை காட்டினால் நான்கு பேர் நிற்க மாட்டோம் என்கிறார்கள்.

முன்பு இப்படி இல்லை. பழைய நாட்களில் டேங்க்காக நிற்கும் வாரியருக்குக் கவசத்தைப் பிளக்கும் சண்டர் என்ற அடி உண்டு, ஐந்து வரை அடுக்கலாம். சண்டர் விழட்டும், அப்புறம் அடியுங்கள் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். பொறுக்காதவர் செத்தார், செத்தவர் கற்றுக்கொண்டார். பிறகு 2011-இல் டேங்க் அடிக்கும் ஒவ்வோர் அடிக்கும் மும்மடங்காக இருந்த அக்ரோவை ஐந்து மடங்காக உயர்த்தினார்கள். எங்களுக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்தார்கள், எனக்கும் அன்று மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. நடந்தது என்னவென்றால், பொறுத்திருக்க வேண்டும் என்ற பழக்கமே ஒரு தலைமுறைக்கு இல்லாமல் போனது. ஐந்து மடங்கானாலும் ஐம்பது மடங்கானாலும் முதல் அடி விழ வேண்டுமே! பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தான்.

அதற்கு முன்பே இன்னொன்றும் நடந்திருந்தது. 2009 டிசம்பரில் டன்ஜன் ஃபைண்டர் வந்தது. அதுவரை ஊர்ச் சத்திரத்தில் கூவுவதுபோல அரட்டையில் கூவி ஆள் சேர்த்து, வாசல் வரை நடந்து போக வேண்டும். கஷ்டம்தான். ஆனால் வருகிறவர் எல்லாம் ஒரே சர்வர்க்காரர். இன்று முந்திரிக்கொட்டையாக முன்னால் ஓடி நான்கு பேரைச் சாகடித்தால் நாளைக்கு அவரை யாரும் சேர்க்க மாட்டார்கள். பெயர் கெடும் என்ற பயம் இருந்தது. ஃபைண்டரோ பல சர்வர்களிலிருந்து முகம் தெரியாத ஐந்து பேரைக் கொண்டுவந்து சேர்க்கிறது. இருபது நிமிடம் சேர்ந்திருப்போம், அப்புறம் வாழ்நாளில் பார்க்கப்போவதில்லை. யாரிடம் பெயரைக் காப்பாற்ற வேண்டும்?

டேங்க் கிடைக்காமல் அடிப்பவர்கள் வரிசையில் காத்துக் கிடப்பது பழைய கதை. 2011-இல் ஆள் குறைவாக உள்ள வேலைக்கு வருகிறவர்களுக்குப் பரிசுப்பை தரத் தொடங்கினார்கள். பொற்காசு இருக்கும், ரத்தினக்கல் இருக்கலாம், அதிர்ஷ்டமிருந்தால் அரிய சவாரி விலங்குகூடக் கிடைக்கும். அந்தப் பை பெரும்பாலும் டேங்க்குக்குத்தான் வரும். நானும் நிறைய வாங்கியிருக்கிறேன். பொற்காசுக்காக ஒருவர் ஒரு நாள் டேங்க்காக வருவார். வந்த இடத்தில் ஏச்சு வாங்கினால் மறுநாள் எந்தப் பைக்கும் வர மாட்டார்.

என் சித்தி மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பத்தொன்பது வயது. என்னைப் பார்த்துத்தான் இதில் வந்தான். "அக்கா, நானும் டேங்க் எடுக்கட்டுமா?" என்று கேட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். இரண்டு வாரம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். மிருகத்தின் முகத்தை எப்படித் திருப்புவது, ஹீலரின் சக்தி தீர்ந்திருக்கிறதா என்று இழுப்பதற்கு முன் ஏன் பார்க்க வேண்டும், எப்போது கேடயத்தை உயர்த்துவது. குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டான். முதல் டன்ஜன் டெட்மைன்ஸ். சுரங்கத்தில் தொடங்கி, கடைசியில் குகைக்குள் நிற்கும் கப்பலில் முடியும் அழகான இடம். கப்பலைப் பற்றிச் சொல்லியிருந்தேன், அதைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாகப் போனான்.

அன்று நான் வேலையில் இருந்தேன், கூடப் போகவில்லை. அது என் மனதில் இன்னும் உறுத்துகிறது. பரம்பரைக் கவசம் போட்ட இரண்டு பழைய ஆட்கள் அவன் குழுவில் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தச் சுரங்கம் தண்ணி பட்ட பாடு. இவன் ஒரு திருப்பத்தில் வரைபடத்தைப் பார்க்க நின்றிருக்கிறான். அவர்கள் காத்திருக்காமல் முன்னால் ஓடி மூன்று கூட்டத்தை எழுப்பி விட்டார்கள். இவன் பின்னாலேயே ஓடி எதையோ பிடிக்கப் பார்த்தான், முடியவில்லை, ஹீலர் செத்தார். மன்னிக்கவும், எனக்கு இதுதான் முதல் முறை என்று எழுதியிருக்கிறான். பதில் வரவில்லை. மற்றவர்கள் திரையில் வாக்கெடுப்பு வந்தது. அடுத்த நொடி அவன் டன்ஜனுக்கு வெளியே நின்றான். வாக்கெடுப்பில் காரணமாக என்ன எழுதினார்களோ, அவனுக்குத் தெரிந்தது வெளியே தள்ளப்பட்டது மட்டும்தான்.

மாலையில் வீட்டுக்கு வந்து, "கப்பலைப் பார்த்தியாடா?" என்று கேட்டேன். "இல்லக்கா. நான் ஹன்ட்டரா ஆடிக்கிறேன்" என்றான்.

எனக்குக் கோபமெல்லாம் இங்கேதான். அடிப்பவர் தனியாகவே பழகலாம். பயிற்சிப் பொம்மை நட்டு வைத்திருக்கிறார்கள், நாள் முழுக்க அடித்துப் பழகலாம். குழுவில் தப்பாக அடித்தால் சேதக் கணக்கில் கீழே போவார், பல சமயம் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். டேங்க் அப்படிப் பழகுவது அன்று சுலபமில்லை. வழி தெரியாமல் போனாலும், தப்பாகத் திரும்பினாலும், ஓர் அடி பின்வாங்க மறந்தாலும் நான்கு பேர் முன்னிலையில்தான் அது நடக்கும். கற்றுக்கொள்ளும் ஒவ்வொரு தப்புக்கும் நான்கு சாட்சி. அந்த நான்கு பேரும் கற்றுக்குட்டியைச் சகிக்கத் தயாராக இல்லை என்றால் அடுத்த டேங்க் எங்கிருந்து முளைப்பார்? வரிசையில் நாற்பது நிமிடம் காத்திருந்து சலித்துக்கொள்கிற அதே ஆட்கள்தான், ஆசையாக வந்த பையனை நாற்பது நொடியில் வெளியே தள்ளுகிறார்கள்.

மேலே போகப் போக இது இன்னும் கடுமை. 2016-இல் சாவி போட்டுத் திறக்கும் கடின டன்ஜனான மிதிக் ப்ளஸ் வந்தது முதல் கடிகாரம் வேறு ஓடுகிறது. குறித்த நேரத்துக்குள் முடிக்காவிட்டால் பொதுவாகச் சாவியின் நிலை இறங்கிவிடும். சாவிக்குச் சொந்தக்காரர் வேறு யாராகவோ இருப்பார். எந்தப் பாதையில் போவது, எந்தக் கூட்டத்தை விடுவது, கொல்ல வேண்டிய எதிரிகளின் கணக்குச் சரியாக நூறு சதவீதம் வருமா, இதையெல்லாம் டேங்க்தான் வீட்டுப்பாடம் செய்துவிட்டு வர வேண்டும் என்று எழுதாத சட்டம். யார் எழுதினார்கள்? கேடயம் பிடிப்பதற்கும் வழிகாட்டுவதற்கும் என்ன சம்பந்தம்? முன்னால் நிற்கிறேன், அது ஒன்றுதான் காரணம். சரி, ஏற்றுக்கொண்டேன், ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து பாதை வரைகிறேன். அப்படி வரைந்து கொண்டுவந்த பாதையில் மூன்றாவது கூட்டத்திலேயே ஒருவர் பொறுக்காமல் பக்கத்துக் கூட்டத்தில் கால் வைத்தால் என் காலை முழுவதும் போச்சு. செத்தால் கவசம் தேயும், செப்பனிடக் காசு போகும், அதெல்லாம் பெரிதில்லை. அந்தச் சாவிக்காரர் வருத்தத்தோடு என்னைத்தான் பார்ப்பார். அதைத்தான் தாங்க முடிவதில்லை.

2024 ஜனவரியில் ஃபாலோவர் டன்ஜன் என்று ஒன்று வந்தது. மனிதர்கள் வேண்டாம், கணினியே மற்ற நால்வரையும் தரும். என் சித்தி மகன் என்னிடம் சொல்லாமலே ஒரு வாரியரை வளர்த்து, ராத்திரியில் அதற்குள் போய் டேங்க் பழகியிருக்கிறான். ஒரு நாள் காட்டினான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவன் நின்றால் நான்கும் பின்னால் நிற்கின்றன. வரைபடத்தைத் திறந்தான், அவை நின்றன. தவறான வழியில் போய்த் திரும்பி வந்தான், கூடவே திரும்பி வந்தன. அவன் பாய்ந்து அடித்த பிறகுதான் அவை அடித்தன. பாஸின் முகத்தை அழகாகச் சுவர்ப்பக்கம் திருப்பினான். குறிப்பேட்டில் எழுதிய ஒன்றைக்கூட அவன் மறக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கணினிப் பொம்மைகள் தந்த மூன்று நொடியை, அவனைப் போலவே ஒரு நாள் முதல் முறையாக உள்ளே நுழைந்த மனிதர்கள் தரவில்லையே.

"ஆட்களோட எப்பக்கா போறது?" என்று கேட்டான்.

வரும் சனிக்கிழமை போகிறோம். அவன் இப்போது புதிதாக இன்னொரு வாரியரை முதல் நிலையிலிருந்து வளர்க்கிறான், டெட்மைன்ஸ் போவதற்காகவே. அவன் டேங்க், நான் ஹீலர். பொறுமையாக ஆடும் தோழிகள் இருவர் அடிப்பவர்களாக வருகிறார்கள். இன்னும் ஓர் இடம் காலி, அதை ஃபைண்டர்தான் நிரப்பும். எந்த ஊர்க்காரரோ, என்ன வயதோ தெரியாது. வருகிறவரே, அந்தப் பையன் முதல் திருப்பத்தில் நின்று வரைபடத்தைப் பார்ப்பான். தயவுசெய்து அங்கே நீங்களும் நில்லுங்கள். அவன் கப்பலைப் பார்க்க வேண்டும்.